கரிசல் சீமையின் பழைய வீடுகள்: காக்கப் போவது யார்?

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றால் திருச்சுழி. சுந்தரர் தேவாரம் பாடிய தலம். திருமேனிநாதர் கோயிலும் துணைமாலை அம்மை சன்னதியும் ஊரின் நடுநாயகமாக விளங்குகின்றன. பக்கத்தில் குண்டாறு. தண்ணீர் ஓடும் நாட்களைவிட மணல் காயும் நாட்களே அதிகம். கோயிலுக்கு அருகே கார்த்திகை வீதியில் சிறிய வீடு ஒன்று இருக்கிறது. 'சுந்தர மந்திரம்' என்று பெயர். 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், ஆருத்ரா தரிசனத்தன்று நள்ளிரவு கடந்து, பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த வேங்கடராமன் பிறந்த வீடு அது.

நம் பகுதி வணிகர்களில் பலர் கொள்முதலுக்கும் வசூலுக்கும் திருச்சுழி வழியாக நூறு முறை போய் வந்திருப்பார்கள். அந்த வீட்டுக்குள் நுழைந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த வீட்டின் ஆன்மிகப் பெருமையைச் சொல்வதற்குத் தகுதியானவர்கள் வேறு பலர் உண்டு. நாம் இங்கே கேட்பது வணிகனுக்குரிய கேள்வி. நூற்றைம்பது ஆண்டுகளை நெருங்கும் ஒரு சாதாரணக் குடும்ப வீடு இன்றும் நிற்கிறது என்றால், அதை நிற்க வைத்தது எது? அதே காலத்தில் கட்டிய நம் முன்னோர்களின் கடைகளும் வீடுகளும் ஒவ்வொன்றாக இடிபடுவது ஏன்?

மனு எழுதியவர் கட்டிக் காத்த வீடு

வேங்கடராமனின் தந்தை சுந்தரமய்யர் பெரிய மிராசுதார் அல்லர். கணக்குப் பிள்ளையிடம் மாதம் இரண்டு ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்து வேலை பார்த்து வாழ்க்கையைத் தொடங்கியவர். பிறகு மனு எழுதிக் கொடுத்தார். அதன்பின் அனுமதி பெற்று, பட்டம் இல்லாத வக்கீலாகத் தொழில் நடத்தினார். அவருடைய வீடு இரு பகுதிகளாக இருந்ததாக வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஒரு பகுதி குடும்பத்துக்கு, மறு பகுதி வருகிற விருந்தினருக்கு. விடுதி, ஓட்டல் எதுவும் இல்லாத அந்நாளில் புதிதாக மாற்றலாகி வந்த உத்தியோகஸ்தர்களும் வழக்குக்காக வந்த வெளியூர்க்காரர்களும் அங்கே தங்கிச் சாப்பிட்டுப் போனார்கள். சிறுவன் வேங்கடராமன் தந்தையின் பழைய வழக்குக் கட்டுகளைக் கிழித்து விளையாடித் திட்டு வாங்கியதாகவும், கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் அம்மன் சன்னதியில் போய் ஒளிந்துகொண்டதாகவும் ஒரு செய்தி உண்டு.

1892-இல் சுந்தரமய்யர் காலமானார். குடும்பம் பிரிந்தது. மூத்த பிள்ளைகள் இருவரும் மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கிப் படித்தார்கள். மதுரை சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில்தான் 1896 ஜூலையில் வேங்கடராமனுக்கு அந்த மரண அனுபவம் ஏற்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 29-இல் வீட்டை விட்டுப் புறப்பட்டவர் செப்டம்பர் 1-இல் திருவண்ணாமலை சேர்ந்தார். 1950-இல் மறையும் வரை அந்த ஊரை விட்டு வெளியே போகவில்லை. திருச்சுழி வீடு பிறர் கைக்குப் போயிற்று.

இந்த இடத்தில்தான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. பிற்காலத்தில் திருவண்ணாமலை ரமணாசிரமம் இந்த வீட்டைத் தேடி வாங்கித் தன் பொறுப்பில் கொண்டு வந்தது. தந்தையின் பெயரையே வைத்தது. மதுரை வீட்டையும் அவ்வாறே வாங்கி 'ரமண மந்திரம்' ஆக்கியது. ஒரு பெயர்ப் பலகையை மாட்டிவிட்டு அவர்கள் போய்விடவில்லை. தினசரி பூசை நடக்கிறது. அதற்கென ஆள் இருக்கிறார். ஆள் இருப்பதால் வாசல் கூட்டப்படுகிறது, ஒழுகினால் உடனே தெரிகிறது, தெரிந்தால் அடைக்கப்படுகிறது. பூட்டிய வீடு பத்து ஆண்டுகளில் பாழாகும் என்பதை நாம் நம் தெருக்களிலேயே பார்க்கிறோம்.

தேங்காய் வியாபாரியின் வீடு

அருப்புக்கோட்டையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் விருதுநகர். அங்கே காக்கப்பட்டு வரும் இன்னொரு வீடு நமக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அது ஒரு வியாபாரியின் வீடு. 1903 ஜூலை 15-இல் பிறந்த காமராசரின் தந்தை குமாரசாமி நாடார் தேங்காய் வியாபாரம் செய்தவர். அவர் இளமையிலேயே இறந்துவிட, காமராசர் படிப்பை விட்டுத் தாய்மாமனின் ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்றார். துணி கிழித்துக் கொடுத்த கை அது. தமிழ்நாட்டின் முதலமைச்சராக 1954 முதல் 1963 வரை அவர் பதவி வகித்த காலத்திலும் தாயார் சிவகாமி அம்மையார் அந்தச் சின்ன வீட்டிலேதான் இருந்தார்.

1975 அக்டோபர் 2-இல் காமராசர் மறைந்தார். அந்த வீடு இன்று அரசின் நினைவு இல்லம். பார்க்கச் செல்பவர்கள் முதலில் சொல்வது, "இவ்வளவு சின்ன வீடா?" என்பதே. அந்த ஒரு கேள்வியைக் கேட்க வைப்பதற்காகவே அந்த வீடு அப்படியே நிற்க வேண்டும். அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் பளிங்கு மண்டபம் கட்டியிருந்தால் அந்தக் கேள்வி எவர் வாயிலும் வந்திராது.

ஆக, ஒன்றை ஆசிரமம் காத்தது, மற்றொன்றை அரசு காக்கிறது. இரண்டும் பெரியவர்கள் பிறந்த வீடுகள். பெரியவர் எவரும் பிறக்காத, ஆனால் ஒரு ஊரையே உண்டாக்கிய வீடுகள் இருக்கின்றனவே, அவற்றைக் காப்பவர் யார்?

முதலில் வந்தவர்கள் போட்ட பேட்டை

நம் ஊர்கள் எப்படி வணிக ஊர்கள் ஆயின என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். தெற்கே பனங்காட்டுச் சீமையிலிருந்து கருப்பட்டியும் கருவாடும் மாட்டின்மேல் ஏற்றி வந்த நாடார் வணிகர்கள், 19-ஆம் நூற்றாண்டில் இந்த வறண்ட பூமியில் தங்கி வியாபாரம் செய்யத் தொடங்கினார்கள். வழிப்பறி மிகுந்த காலம் அது. வண்டி மாட்டை அவிழ்த்துக் கட்டவும் சரக்கை இறக்கி வைக்கவும் பாதுகாப்பான அடைப்பு தேவைப்பட்டது. அதுவே பேட்டை. பேட்டையில் இறங்கும் சரக்குக்கு இவ்வளவு என்று தங்களுக்குள் விதித்துக்கொண்ட மகமை, கோயிலாகவும் கிணறாகவும் பள்ளிக்கூடமாகவும் மாறியது. அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுநகர், சிவகாசி, திருமங்கலம், சாத்தங்குடி என்னும் ஆறு ஊர்களை இந்த வரலாற்றில் சேர்த்தே சொல்வார்கள். காமராசர் படித்த விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலை பிடியரிசி சேர்த்து நடத்தப்பட்ட பள்ளி என்பதும் நாம் அறிந்ததே.

இவர்களோடு அருப்புக்கோட்டையின் தறிக்காரர்கள், பருத்தி வாங்கி விற்றவர்கள், கமிஷன் மண்டிக்காரர்கள் என எல்லாத் தரப்பாரும் சேர்ந்தே இந்த ஊர்களை உருவாக்கினார்கள். முன்னால் கடை, நடுவே பண்டகசாலை, பின்னால் குடியிருப்பு, மாடியில் பருத்தியும் மிளகாய் வற்றலும் காய வைக்க மொட்டை மாடி என்று ஒரே கூரையின் கீழ் தொழிலையும் குடும்பத்தையும் வைத்து அவர்கள் கட்டிய வீடுகள் இன்றும் நம் பழைய வீதிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன. இவற்றில்தான் நமது உண்மையான வரலாறு இருக்கிறது.

மண்ணும் பனையும்

அந்த வீடுகளைக் கட்டிய கைகளுக்கு இந்த மண்ணின் குணம் தெரிந்திருந்தது. கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் மேலோட்டமாக அஸ்திவாரம் போட்டால் சுவர் பிளந்துவிடும். ஆகவே கரிசலைத் தாண்டிச் சுக்கான் தட்டும் வரை வாணம் தோண்டினார்கள். சுண்ணாம்பை நீற்றி, மணலோடு செக்கில் அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டுப் பூசினார்கள்.

கூரைக்குப் பனை. நன்றாக முற்றி வைரம் பாய்ந்த மரத்தைப் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றைச் செதுக்கி நீக்கி, கறுத்த வெளிப்பாகத்தை மட்டும் உத்திரமாகவும் கையாகவும் இழைத்தார்கள். அதன்மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதித்தால் மட்டப்பா தயார். முற்றிய பனையைக் கறையான் லேசில் தொடுவதில்லை. அதற்கு எதிரி தண்ணீர். சுவருக்குள் செருகிய முனையில் ஈரம் இறங்கினால் நடுவில் இரும்பு போல இருக்கும் மரம் முனையில் மட்டும் மக்கிப்போகும்.

இன்று நாம் செய்யும் தவறு என்ன? சுண்ணாம்புச் சுவர் பொரிகிறதென்று அதன்மேல் சிமெண்டைப் பூசிவிடுகிறோம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் தன்மை உடையது. சிமெண்டுப் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கி, பனையின் முனைக்குச் சேர்கிறது. ஐந்தாறு ஆண்டில் கூரை தொய்கிறது. "பழைய வீடு, இனித் தாங்காது" என்று சொல்லி இடிக்கிறோம். நோயைக் கொடுத்தது முதுமை அல்ல, நாம் செய்த வைத்தியமே.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. மரத்தைக் காப்பதற்கான நல்ல ஏற்பாடு அது. ஆனால் புதிய பனைக் கை முன்போல எளிதாகக் கிடைக்காது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. வீட்டை இடிப்பவர்கள் பழைய பனையை விறகு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அந்த மரத்தைப் பத்திரப்படுத்தினால் பக்கத்து வீட்டுக் கூரையைக் காப்பாற்றும்.

கடை நடத்தித் தோற்றவரின் மரவீடு

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பதும் பயன் தரும். அமெரிக்காவின் எல்லைப்புறங்களில் குடியேறிய பலர் காட்டு மரத்தை வெட்டி, உருட்டுக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வீடு கட்டினார்கள். அத்தகைய வீடுகளை அந்நாட்டார் பொக்கிஷமாகப் பாதுகாத்து வருகிறார்கள். ஆபிரகாம் லிங்கன் 1809 பிப்ரவரி 12-இல் கென்டக்கி மாநிலத்தில் அப்படிப்பட்ட ஓர் அறை மரவீட்டில்தான் பிறந்தார்.

லிங்கன் நம் தொழில்காரர் என்பது பலருக்குத் தெரியாது. இளமையில் நியூசேலம் என்னும் ஊரில் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து பலசரக்குக் கடை நடத்தினார். கடை நொடித்தது. கூட்டாளி இறந்துபோனார். கூட்டாளியின் பங்குக் கடனையும் தானே ஏற்றுக்கொண்டு, பல ஆண்டுகள் பாடுபட்டுக் கடைசிக் காசு வரை அடைத்தார்.

அவர் குடியரசுத் தலைவராக இருந்தபோது 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரினால் அமெரிக்கப் பருத்தி இங்கிலாந்துக்குப் போகவில்லை. மான்செஸ்டர் ஆலைகள் இந்தியப் பருத்திக்கு அலைந்தன. தூத்துக்குடி வழியாகக் கப்பல் ஏறிய நம் கரிசல் பருத்திக்கு எதிர்பாராத விலை கிடைத்தது. போர் முடிந்ததும் விலை விழுந்தது. எங்கோ இருந்த மரவீட்டில் பிறந்தவரின் காலத்துப் போர், இங்கே பருத்திக்காட்டு வியாபாரியின் பேரேட்டில் வரவாகவும் பிறகு நஷ்டமாகவும் ஏறியது.

லிங்கன் பிறந்த பண்ணையை 1894-இல் நியூயார்க் உணவு விடுதி முதலாளி ஒருவர் வாங்கினார். அக்கம்பக்கத்தில் இருந்த ஒரு மரவீட்டின் கட்டைகளைக் கொண்டுவந்து, இதுதான் லிங்கன் பிறந்த வீடு என்று பொருட்காட்சியில் வைத்துக் காட்டினார். பின்னர் ஒரு சங்கம் அந்தக் கட்டைகளை விலைக்கு வாங்கியது. பிறந்த பண்ணையிலேயே கருங்கல்லில் பெரிய மண்டபம் எழுப்பி, 1911-இல் திறந்தார்கள். லிங்கனின் வயதுக்கு ஒன்றாக 56 படிகள். உள்ளே இடம் போதாதென்று மரவீட்டின் அளவையே குறைத்து வைத்தார்கள். நாடே வந்து வணங்கிப் போனது. 2004-இல் அந்த மரங்களின் வளையங்களை ஆராய்ந்தார்கள். கட்டைகளில் மிகப் பழையதே 1848-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று தெரிந்தது. அப்போது லிங்கனுக்கு வயது 39! இன்று அதை 'அடையாளப் பிறப்பில்லம்' என்றே அவர்கள் சொல்கிறார்கள்.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. கோடி ரூபாய் செலவழித்து மண்டபம் கட்டினாலும் ஆதாரம் இல்லையென்றால் எல்லாம் வெறும் பேச்சாகிவிடும். திருச்சுழி வீட்டுக்கும் விருதுநகர் வீட்டுக்கும் அந்தக் குறை இல்லை. தெரு இன்னது, குடும்பம் இன்னது என்று தெளிவாகத் தெரிந்த இடங்கள் அவை. நம் வணிகக் குடும்பங்களிலோ மூலப்பத்திரம் ஒருவரிடம், பேரேடுகள் எடைக்குப் போட்ட கடையில், தாத்தாவின் புகைப்படம் வெளிநாட்டில் இருக்கும் பேரனிடம் என்று சிதறிக் கிடக்கிறது.

இடத்தின் விலை

"இதெல்லாம் சரி, கடை வீதியில் சென்ட் விற்கிற விலைக்குப் பழைய கட்டடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று நம் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முதலைப் பூட்டி வைத்துவிட்டு எவரும் தொழில் செய்ய முடியாது. ஐந்து அண்ணன் தம்பிகள், அவர்களின் பிள்ளைகள் என்று பங்கு விரியும்போது, விற்றுப் பிரித்துக்கொள்வதே சுலபமாகத் தோன்றும். செட்டிநாட்டில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். பர்மா தேக்கில் இழைத்த தூண்களும் கதவுகளும் கழற்றப்பட்டு, காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விற்பனைக்கு வந்தன. ஆனால் அதே செட்டிநாட்டில், விற்காமல் பொறுத்திருந்த சில குடும்பங்கள் வீட்டைச் செப்பனிட்டு விருந்தினர் விடுதி ஆக்கி வருமானமும் காண்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எல்லாப் பழைய வீட்டையும் காக்க முடியாது, காக்கவும் வேண்டாம். உயிருக்கு ஆபத்தான கட்டடம் இடிபட வேண்டியதே. ஆனால் ஒரு வீதிக்கு ஒரு வீடாவது நிற்க வேண்டும். அருப்புக்கோட்டையில் வணிகம் எப்படி நடந்தது என்று நாளைக்கு ஒரு மாணவன் கேட்டால், கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்ட ஓர் இடம் வேண்டும். படியும் மரக்காலும் தராசும் கல்லாப்பெட்டியும் அதனதன் இடத்தில் இருக்கிற ஒரு கடை போதும்.

உறுப்பினர்கள் செய்யக்கூடியவை

நம்மால் இயன்றவற்றை இங்கே வரிசைப்படுத்துகிறோம்.

முதலாவது, பழைய கட்டடம் வைத்திருப்போர் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, பழைய பேரேடு, புகைப்படம் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து நகல் எடுத்து வையுங்கள். கட்டடம் போனாலும் கதை போகாது.

இரண்டாவது, இடிப்பதென்று முடிவானால், இடிக்கும் முன் உள்ளும் புறமும் படம் எடுத்து, அறைகளின் அளவைக் குறித்து வையுங்கள். அதற்கு ஒரு நாள் செலவு.

மூன்றாவது, பழுதுபார்ப்பதென்றால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். மொட்டை மாடியின் தண்ணீர்க் குழாயை ஐப்பசி மழைக்கு முன் சுத்தம் செய்யுங்கள். பனை முனைகளைத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நலம், சொத்தென்றால் கவனிக்க வேண்டும்.

நான்காவது, புதிய கட்டடம் அவசியமானால் வீதியை நோக்கிய முகப்பையும் முன் கூடத்தையும் விட்டுவிட்டுப் பின்பக்கம் குடோன் எழுப்ப முடியுமா என்று பொறியாளரிடம் கேளுங்கள். பெரும்பாலும் பின்கட்டில்தான் இடம் மிகுதியாக இருக்கிறது.

ஐந்தாவது, பங்காளிகள் பலர் இருந்தால் விற்பதற்கு முன் ஓர் அறக்கட்டளைப் பத்திரம் எழுதுவது பற்றி யோசியுங்கள். முன்கட்டு வாடகையே பராமரிப்புக்குப் போதுமானதாக இருக்கலாம். தமிழ்நாட்டில் பாரம்பரியக் கட்டடங்களைக் காப்பதற்கென 2012-இல் மரபுக் கட்டட ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. ஆனால் சட்டம் வந்து கதவைத் தட்டும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நம் முன்னோர்கள் அரசு உத்தரவுக்குக் காத்திருந்து பேட்டை போடவில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று தாங்களாகவே மகமை வைத்தார்கள், பள்ளிக்கூடம் எழுந்தது. வீதிக்கு ஒரு பழைய வீட்டைக் காக்க, அந்த மகமையில் ஒரு பங்கை ஒதுக்குவது நம்மால் ஆகாத காரியமா? அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேச வேண்டும் என்பது நம் வேண்டுகோள். அதற்கு முன்பாக, அடுத்த முறை திருச்சுழி வழியாகச் சரக்கு வண்டி போகும்போது, கார்த்திகை வீதியில் கால் மணி நேரம் நிறுத்தி அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். கூட உங்கள் பிள்ளையையும் அழைத்துப் போங்கள்.